மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் லைட் போர்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கலையரங்குகள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டு, குளிர்சாதன வசதி, மெத்தை இருக்கைகள், கணினியில் இயங்கும் விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றோடு திறக்கப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. முப்பது ஆண்டுகளாக நாடகங்களுக்கு விளக்குப் போட்டு வரும் எனக்கு அவை மகிழ்ச்சியளிக்கும் செய்திகளே. ஆனால் புதிய கருவி முன்வாசல் வழியாக வரும் அதே நாளில், அதுவரை அந்த அரங்கில் பழுதில்லாமல் உழைத்துக்கொண்டிருந்த கைப்பலகை, அதாவது நாங்கள் சுருக்கமாக 'லைட் போர்டு' என்று சொல்லும் வரிசைக்குப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு ஃபேடர்கள் (மேலும் கீழும் தள்ளும் குமிழ்கள்) கொண்ட பெட்டி, பின்வாசல் வழியாக வெளியேற்றப்படுகிறது. அதை வெளியேற்ற வேண்டாம், புதியதன் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு வைத்துவிடுங்கள் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட ஓர் அரங்கில் கல்லூரிகளுக்கிடையிலான நாடகப் போட்டி நடந்தது. நடுவர்களில் ஒருவனாக நான் போயிருந்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் மேடையைத் தயார் செய்துகொள்ளப் பத்து நிமிடம் தரப்பட்டது. கணினிக் கருவியில் காட்சிகளை, அதாவது எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்பதை, பதிந்து தர வேண்டிய ஒப்பந்தக்காரரின் ஆள் அன்று வரவில்லை. கருவியை இயக்கத் தெரிந்தவராகச் சொல்லப்பட்ட இளைஞருக்கோ, 'கோ' என்னும் பொத்தானை அழுத்தினால் அடுத்த காட்சி வரும் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. மூன்றாவது நாடகத்தில், இறந்துபோன கணவனின் சட்டையை மடித்துக்கொண்டே ஒரு மாணவி பேசிக்கொண்டிருந்தாள். நல்ல நடிப்பு, அவையில் இருமல் சத்தம்கூட இல்லை. அந்த இடத்தில் இளைஞர் பொத்தானை அழுத்த, முந்தைய வாரம் நடந்த மெல்லிசைக் கச்சேரிக்காகப் பதிந்து வைத்திருந்த காட்சி உயிர்பெற்று, பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்று அவள் முகத்தில் வட்டமடித்தன. அவை சிரித்துவிட்டது. அந்தப் பெண் பேச்சை நிறுத்தாமல் சட்டையை மடித்து முடித்தாள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். போட்டி முடிந்து வெளியே வரும்போது, மேடையின் பின்புறம் மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய படுதா மூட்டைக்கும் நடுவே, அந்த அரங்கின் பன்னிரண்டு ஃபேடர் போர்டு குப்புறக் கிடந்ததைக் கண்டேன்.

அந்த இளைஞரை நான் குறை சொல்லமாட்டேன். கணினிக் கருவியைக் கற்றுக்கொள்ள வாரக் கணக்கில் ஆகும்; பத்து நிமிடத்தில் ஒரு நாடகத்தின் காட்சிகளை அதில் பதிவதென்பது தேர்ந்த கைக்கே கடினம். கைப்பலகையோ, ஒருமுறை எடுத்துச் சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். எப்படி என்று இங்கேயே சொல்லிப் பார்க்கிறேன்.

மேடையில் தொங்கும் விளக்குகள் ஒவ்வொன்றும், அல்லது ஒரே வேலை செய்யும் இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து, ஒரு டிம்மரில் இணைக்கப்பட்டிருக்கும். டிம்மர் என்பது விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. அது கனமானது, சூடாவது, சத்தமிடுவது. ஆகவே அதை மேடை ஓரத்திலோ தனி அறையிலோ வைத்துவிட்டு, எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் மெல்லிய கம்பி வழியாகத் தொலைவிலிருந்து அனுப்புகிறோம். அக்கட்டளையை அனுப்புவதுதான் பலகையின் ஒரே வேலை. பலகையில் ஒரு டிம்மருக்கு ஒரு ஃபேடர் வீதம் வரிசையாக இருக்கும். ஃபேடரைக் கீழே இழுத்தால் சுழியம், மேலே தள்ளினால் பத்து. பழைய பலகைகளில் இது உண்மையிலேயே சுழியம் முதல் பத்து வோல்ட் வரையிலான மின்னழுத்தமாகவே டிம்மருக்குப் போகும். ஏழில் வைத்தால் ஏழு வோல்ட். இவ்வளவுதான் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தில்தான் அந்தப் பெட்டியின் அழகு இருக்கிறது. அதே ஃபேடர் வரிசை கீழே இன்னொரு முறை இருக்கும். மேல் வரிசையை 'ஏ' என்றும் கீழ் வரிசையை 'பி' என்றும் குறித்திருப்பார்கள். இரண்டிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் உண்டு. மேல் வரிசையின் ஐந்தும் கீழ் வரிசையின் ஐந்தும் ஒரே விளக்கைத்தான் ஆளுகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் தலைவனாக ஒரு மாஸ்டர் ஃபேடர் உண்டு. மாஸ்டரை இறக்கி வைத்திருந்தால் அந்த வரிசையில் நீங்கள் எதை எங்கே தள்ளினாலும் மேடையில் ஒன்றும் நடக்காது. ஆக, மேல் வரிசைக் காட்சி மேடையில் எரிந்துகொண்டிருக்கும்போது, அடுத்து வரவேண்டிய காட்சியைக் கீழ் வரிசையில் சத்தமில்லாமல் அமைத்து வைத்துக்கொள்ளலாம். வசனம் வந்ததும் ஒரு மாஸ்டரை ஏற்றி மற்றதை இறக்கினால் காட்சி மாறிவிடும். உடனே கை மேல் வரிசைக்குப் போய் அதற்கடுத்த காட்சியை அமைக்கத் தொடங்கும். நாடகம் முடியும்வரை இப்படி மேலும் கீழும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கலாம். கணினி நூற்றுக்கணக்கான காட்சிகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்தப் பெட்டிக்கு இரண்டே காட்சிகள்தாம் நினைவிருக்கும். மற்றவை இயக்குபவரின் மடியில் உள்ள தாளில் இருக்கும்.

உள்ளே நடப்பது என்ன என்று கேட்கும் மாணவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுவது என் வழக்கம். மாஸ்டர் ஃபேடர் தனக்குக் கிடைக்கும் பத்து வோல்ட்டில் தான் அனுமதிக்கும் அளவை மட்டும் வரிசைக்கு விடுகிறது; வரிசையிலுள்ள ஒவ்வொரு ஃபேடரும் அதில் தன் பங்கைப் பிரித்துக் கொடுக்கிறது. மாஸ்டர் பாதியில் இருந்தால் வரிசைக்கு ஐந்து வோல்ட்தான் கிடைக்கும். ஏழில் வைத்த ஃபேடர் அப்போது மூன்றரையைக் கொடுக்கும், நான்கில் வைத்தது இரண்டைக் கொடுக்கும். ஆகவே மாஸ்டரை இறக்கும்போது காட்சியின் விகிதம் கெடாமல், வெளிச்சமும் நிழலும் ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறாமல், முழுக்காட்சியும் சேர்ந்தே மங்குகிறது. மேல் ஐந்தும் கீழ் ஐந்தும் ஒரே டிம்மருக்குப் போகும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு, ஒற்றைவழிக் கதவு போல, வைக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது அதிகமோ அது கடந்துபோகும். குறைந்தது கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். சில காசு விலையுள்ள அந்தச் சிறு பொருளைக் காட்டும்போது மாணவர்கள் முகத்தில் வரும் வியப்பைக் கணினித் திரையைக் காட்டி நான் பெற்றதில்லை.

எது அதிகமோ அதுவே செல்லும் என்ற இந்த ஒரு விதியிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. அச்சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவரே ஒளியமைப்பாளர் ஆகிறார் என்பது என் எண்ணம். ஓர் எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம். திண்ணையில் ஒரு தாய் மகனுக்காகக் காத்திருக்கிறாள். பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு. மாலை இரவாக மாற வேண்டும். முன்பக்கத்து மஞ்சள் விளக்குகள் ஒன்று, இரண்டு. நீல விளக்குகள் மூன்று, நான்கு. அரிக்கேனின் வெளிச்சமாக அவள் கன்னத்தில் விழும் சிறிய விளக்கு ஐந்து. பின்திரையில் நீலம் ஆறு, செம்மஞ்சள் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்கு மேல் வரிசையில் ஒன்றை எட்டிலும் இரண்டை ஆறிலும் ஏழை ஒன்பதிலும் ஐந்தை ஏழிலும் வைக்கிறோம். இரவுக்குக் கீழ் வரிசையில் மூன்றும் நான்கும் ஆறும் வருகின்றன. அரிக்கேன் அப்படியே எரிய வேண்டுமாகையால் ஐந்து அங்கும் ஏழிலேயே இருக்கிறது. இப்போது இரு மாஸ்டர்களையும் சேர்த்துப் பிடித்து, ஒன்று இறங்க மற்றது ஏற, மெல்ல நகர்த்துங்கள். நடுவழியில் இரண்டு மாஸ்டரும் பாதியில் நிற்கும். மேல் ஐந்து மூன்றரை, கீழ் ஐந்தும் மூன்றரை. இரண்டில் அதிகமானதும் மூன்றரைதான். யாரும் தொடாத அரிக்கேன், பாதியாக மங்கி மறுபடி பிரகாசமாகும். எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று அவை நினைக்கும்.

இதைத் தவிர்க்க, இரு வரிசையின் அளவையும் கூட்டித் தரும்படி அமைந்த பலகைகள் உண்டு. மூன்றரையும் மூன்றரையும் ஏழாகிவிடும். சாதாரணப் பலகையிலோ கைதான் வழி காட்ட வேண்டும். முதலில் கீழ் மாஸ்டரை முழுதும் ஏற்றிவிட்டு, அதன்பிறகு மேல் மாஸ்டரை இறக்க வேண்டும். அரிக்கேன் அசையாது. அதற்கு விலையாக, இடையில் சிறிது நேரம் பின்திரையில் செம்மஞ்சளும் நீலமும் ஒன்றாக எரியும். நான் பயந்துகொண்டே இதை முதன்முதலில் செய்தபோது, திரையில் ஒரு மங்கிய ஊதா நிறம் பரவி நின்று மெல்ல நீலமாயிற்று. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் சூரியன் இறங்கிய பிறகு வானம் அப்படித்தான் இருக்கும். திட்டமிட்டு வந்ததன்று, பலகையின் குறையிலிருந்து வந்தது. இப்போது கணினிக் கருவியில் வேலை செய்தாலும் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வேறுவேறாகப் பதிந்து அதே அந்தியைத்தான் வரவழைக்கிறேன். அப்படிப் பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் என் இரண்டு கைகளும் அதைச் செய்தன என்பதே.

மடியில் உள்ள தாள் என்றேனே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியூ ஷீட் என்பது அதன் பெயர்; ஒவ்வோர் ஒளி மாற்றமும் ஒரு கியூ. எந்த வசனத்தில் மாற்றம், எந்த வரிசை, எந்த எண் எந்த அளவில், எத்தனை எண்ணிக்கைக்குள் மாற வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஒற்றைப்படைக் கியூக்கள் மேல் வரிசை, இரட்டைப்படைக் கியூக்கள் கீழ் வரிசை என்பது எழுதாத சட்டம். ஒத்திகையில் இயக்குநர் 'அந்தப் பதினாலாவது வேண்டாம்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் காட்சியும் வரிசை மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. விடிய விடியத் தாளைத் திருத்துவதைவிட, ஒன்றும் மாறாத ஒரு வெற்றுக் கியூவை அந்த இடத்தில் வைத்துவிடுவது நாங்கள் கண்ட குறுக்குவழி. இருட்டில் தாளைப் படிக்க, நீல ஜெலட்டின் தாள் ஒட்டிய சிறு டார்ச் ஒன்று இருக்கும்.

தவறு நேராதா என்றால், நேரும். எனக்கே நேர்ந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், கீழ் வரிசையை அமைப்பதாக நினைத்துக்கொண்டு, மேடையில் எரிந்துகொண்டிருந்த மேல் வரிசையின் மூன்றாவது ஃபேடரை இழுத்துவிட்டேன். கதாநாயகனின் இடது பாதி முகம் இருண்டது. ஆனால் என்ன தவறு செய்தேன் என்பது அந்தக் கணமே தெரிந்தது, என் விரல் இன்னும் அந்தக் குமிழின் மேல்தான் இருந்தது, இரண்டு நொடிக்குள் மெல்ல ஏற்றிச் சரிசெய்தேன். மேகம் கடந்துபோனது போல் இருந்ததாக மறுநாள் ஒருவர் பாராட்டவும் செய்தார். நான் மேலே சொன்ன போட்டியில் அந்த இளைஞருக்கு அப்படி ஒரு குமிழ் கையில் இல்லை. எதை நிறுத்தினால் அந்தச் சுழல் நிற்கும் என்று அவர் திரையில் தேடிக்கொண்டிருந்தார்.

கைப்பலகைக்கு ஆதரவாக நான் சொல்லும் முதன்மையான காரணமும் இதுவே. நாடகம் ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அழுகைக்குப் பிறகு எவ்வளவு நேரம் மௌனம் காப்பது என்று நடிகை அந்தக் கணத்தில்தான் முடிவெடுக்கிறாள். ஏழு நொடி என்று பதிந்து வைத்தால் ஏழு நொடியில் இருண்டுவிடும். கை என்றால், அவள் மூச்சு இறங்கும்வரை ஃபேடரைப் பாதிவழியில் நிறுத்திக் காத்திருக்கும், பிறகு இறங்கும். கணினிக் கருவிகளிலும் கையால் ஓட்டும் ஃபேடர்கள் உண்டு என்பதை நான் அறிவேன். அதைக் கையாளக் கற்றவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கைப்பலகையில் தொடங்கியவர்களாகவே இருக்கிறார்கள்.

உலக அரங்க வரலாற்றில் இந்தக் கைக்கு நெடுநாள் மதிப்பு இருந்தது. லண்டனில் ஃபிரெடரிக் பெந்தம் 1935இல் ஸ்ட்ராண்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த கட்டுப்பாட்டு மேசை, ஆர்கன் என்னும் இசைக்கருவியின் கட்டைகளையும் மிதிகளையும் கொண்டிருந்தது; விளக்கை வாசிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த காட்சியை முன்கூட்டியே அமைத்து வைக்கும் முறையை மின்னணுக் கருவியாக்கியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஐசனவர். யேல் பல்கலைக்கழகத்தில் 1947இல் வாயு நிரப்பிய குழல் வகையைச் சேர்ந்த தைரட்ரான்களைக் கொண்டு அதை இயக்கிக் காட்டினார். கணினி நினைவகம் பிராட்வேக்கு வந்தது 1975இல், 'எ கோரஸ் லைன்' இசைநாடகத்துக்குத் தாரன் மஸ்ஸர் ஒளியமைத்தபோது. நம் நாட்டில், கல்கத்தா மினர்வா அரங்கில் 1959இல் உத்பல் தத் அரங்கேற்றிய 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறி வருவதை வெறும் ஒளியாலேயே காட்டிய தாபஸ் சென்னிடம் கணினி ஏதும் இருக்கவில்லை. அந்தக் காட்சியைப் பற்றி வங்காளத்தில் இன்றும் பேசுகிறார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் இதற்கெல்லாம் முந்தைய பள்ளியைச் சேர்ந்தவர். உப்புத் தண்ணீர் டிம்மரில் வேலை செய்தவர் அவர். களிமண் குழாய் ஒன்றில் உப்புக் கரைத்த நீரை நிரப்பி, அடியில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தி, மேலே இன்னொரு தகட்டைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். தகடுகள் நெருங்க நெருங்க விளக்கு பிரகாசமாகும். விலக விலக மங்கும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். சூடான நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துமாகையால், முதல் காட்சியில் கயிற்றில் போட்ட முடிச்சுக்குரிய வெளிச்சம் மூன்றாம் காட்சியில் அதே முடிச்சில் வராது. ஈரக் கையோடு அதன் அருகே நின்றவர்கள் உயிரோடு இருப்பதே அதிசயம் என்பார். அதை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பிறகு வந்த டிம்மர்ஸ்டாட் என்னும் கனத்த மின்மாற்றி வகை டிம்மரையும், தள்ளுவண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டும் என்பதால், நான் அவ்வளவாக இழந்ததாக நினைக்கவில்லை.

இன்று நம் அரங்குகளில் உள்ளவை தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சுவிட்சால் இயங்கும் டிம்மர்கள். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று, அதாவது நூறு அரைச்சுற்று. ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் பத்து மில்லி நொடி. பலகை பாதி என்று சொன்னால், ஒவ்வோர் அரைச்சுற்றிலும் டிம்மர் ஐந்து மில்லி நொடி காத்திருந்து, பிறகு சட்டென்று மின்சாரத்தை விடுகிறது. நொடிக்கு நூறு முறை இப்படி வெட்டி வெட்டி விடுவதால்தான், பாதி வெளிச்சத்தில் பெரிய விளக்குகளின் இழை ரீங்காரமிடுகிறது. ஒலிபெருக்கிக் கம்பியை டிம்மர் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் அந்த ரீங்காரம் அவை முழுவதும் கேட்கும். ஒலியமைப்பாளருக்கும் எங்களுக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவது. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் எடுக்கும். இரண்டு கிலோவாட் டிம்மரில் இரண்டு விளக்குக்கு மேல் மாட்டக்கூடாது என்பதை, கைப்பலகையில் கற்கும் பிள்ளை முதல் நாளே தெரிந்துகொள்கிறது, ஏனென்றால் மூன்றாவதை மாட்டினால் ஃபியூஸ் போய்விடும்.

இழை விளக்கின் குணத்தையும் கைதான் சொல்லித்தருகிறது. ஆயிரம் வாட் இழை, ஃபேடர் சொன்ன கணத்தில் எரிவதில்லை. சற்றுத் தயங்கி ஏறும், அணைக்கும்போதும் ஒரு கணம் சிவந்து நின்று அணையும். குளிர்ந்த இழையில் சட்டென்று முழு மின்சாரத்தை விட்டால் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அந்த அதிர்ச்சியில் அறுந்துபோகும் விளக்குகள் அதிகம். ஆகவே நிகழ்ச்சிக்கு முன் எல்லா ஃபேடரையும் கொஞ்சம் ஏற்றி, இழை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிவக்கும் அளவில் சிறிது நேரம் விட்டு வைப்போம். இன்னொன்று: இழை மங்க மங்கச் சிவக்கும், அதில் நீல ஒளி மிகவும் குறைந்துவிடும். ஆகவே நான்கு நீல விளக்குகளை மூன்றில் வைத்தால் இரவு வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும்; ஒரே நீல விளக்கை எட்டில் வைத்தால் இரவு வரும். புத்தகத்தில் படித்தால் இது மறந்துபோகும். ஃபேடரை ஏற்றி இறக்கிப் பார்த்தவருக்கு மறக்காது.

கைப்பலகைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று குறைந்தது நான்கு கட்டளைகள் வேண்டும். ஆறு விளக்குகளை மாட்டினால் இருபத்து நான்கு ஃபேடரும் தீர்ந்துவிடும். சுழலும் விளக்குகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இருபது கட்டளை வேண்டும். அவற்றைக் கைப்பலகையில் ஓட்ட முயல்வது வீண் வேலை. நடனமும் இசை நிகழ்ச்சியும் நடக்கும் அரங்குக்குக் கணினிக் கருவி தேவைதான், வாங்கியதில் தவறில்லை. ஆனால் நம் ஊர் நாடகங்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு விளக்குக்குள் முடிபவை. நானும் சென்ற ஆண்டு செய்த நாடகங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த அளவுக்குள்தான் முடித்தேன்.

கைப்பலகை என்றாலே பழைய சரக்கு என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யு.எஸ்.ஐ.டி.டி. 1986இல் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறை இன்று உலகப் பொதுமொழியாகிவிட்டது. ஒரே கம்பியில் 512 கட்டளைகள், ஒவ்வொன்றும் சுழியம் முதல் 255 வரை, நொடிக்கு நாற்பது முறைக்கு மேல் போகும். இன்று கடையில் கிடைக்கும் சிறிய இருவரிசைக் கைப்பலகைகள் இதே மொழியில்தான் பேசுகின்றன. கணினிக் கருவியிலிருந்து டிம்மருக்குப் போகும் கம்பியை உருவி இதில் செருகினால் அதே டிம்மர்கள் இதன் சொல்லைக் கேட்கும். தரநிலை ஐந்து முள் இணைப்பைச் சொல்கிறது, நம் சந்தையில் மூன்று முள் இணைப்பே மிகுதி என்பதால், இரண்டையும் பொருத்தும் ஒரு சிறு துண்டுக் கம்பியை மேசை இழுப்பறையில் வைத்திருந்தால் போதும். பழைய பத்து வோல்ட் பலகையாக இருந்தால் நடுவில் ஒரு மாற்றுக்கருவி வேண்டும். அதுவும் பெரிய செலவன்று.

ஆகவே அரங்குகளைப் புதுப்பிக்கும் உள்ளாட்சி அமைப்புகளிடமும் கல்லூரி நிர்வாகங்களிடமும் நான் கேட்பது மிகக் கொஞ்சம். ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்து, கணினிக் கருவியோடு ஓர் இருவரிசைக் கைப்பலகையும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எந்த எண்ணுக்கு எந்த விளக்கு என்ற அட்டவணையை அதன் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். அட்டவணை இல்லாத பலகை விலாசம் இல்லாத கடிதம். போட்டி நாட்களில் மாணவர்களுக்கு அதையே கொடுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியிலும் நாடகம் படிக்கும் பிள்ளைகள் படிப்பு முடித்து ஊர் ஊராகப் போகும்போது, அங்கே கை வைத்துப் பழக ஒரு பலகை இருக்கட்டும்.

நான் குறிப்பிட்ட அந்த அரங்கின் போர்டை அன்றே ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துத் துடைத்துப் பார்த்தேன். மேல் வரிசையின் பன்னிரண்டு ஃபேடரில் ஒன்பது வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நான்கும் பதினொன்றும் தூசியால் கரகரக்கின்றன, தொடுமுனைகளைத் துடைக்கும் திரவத்தைத் தெளித்தால் சரியாகிவிடும். ஏழாவதன் குமிழைக் காணவில்லை, உலோக நாக்கு மட்டும் நிற்கிறது. 'பி' மாஸ்டரின் பக்கத்தில் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'மெதுவா' என்று எழுதியிருக்கிறார்கள். நிர்வாகம் அனுமதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் சொந்தச் செலவில் வந்து அதைச் சரிசெய்து தரவும், விருப்பமுள்ள மாணவர்களுக்கு அன்று மாலையே சொல்லிக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. ஏழாவது ஃபேடருக்கு ஏற்ற குமிழ் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
நாடக ஒளியமைப்பாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.